மெரினாவில் இருந்த மீன் காட்சியகத்தைத் திரும்பக் கேட்கிறோம்

மத்திய மீன்வள அமைச்சகத்துக்கும், தமிழ்நாடு அரசின் மீன்வளத் துறைக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று ஒரு பாடம். கரும்பலகையில் செவுளை வரைந்து பார்த்தேன், யாருக்கும் பிடிபடவில்லை. மறுநாள் காசிமேட்டில் இரண்டு சங்கரா வாங்கிவந்து செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினேன். சிவப்பாக, சீப்புப் பல் மாதிரி அடுக்கடுக்காக இருந்ததை ஆளாளுக்கு விரலால் நீவிப் பார்த்தார்கள். அப்போது ஒருத்தி கேட்டாள்: “மிஸ், இதுக்கு இமையே இல்லையே, அப்ப எப்படித் தூங்கும்?”

இமை இல்லாமலே மீன் ஓய்வெடுக்கும் என்றேன். சில மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் நிற்கும். பவளப்பாறையில் வாழும் கிளிமீன்களில் சில, இரவில் தன்னைச் சுற்றிக் கோழையால் ஒரு பை கட்டிக்கொண்டு அதற்குள் உறங்கும் என்றும் சொன்னேன். ஆனால் மேசைமேல் கிடந்தது செத்த மீன். கேட்ட பிள்ளையின் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவளே உயிருள்ள கடல்மீனைத் தண்ணீருக்குள் பார்த்ததில்லை.

அதற்காகத்தான் இந்த மடல். பொதுப்பணத்தில், பிள்ளைகளின் படிப்பை முதல் வேலையாக வைத்து நடக்கும் ஒரு தேசிய மீன் காட்சியகம் சென்னைக்கு வேண்டும்.

இது புதிய ஆசை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனைப்படி 1909-லேயே மெரினாவில் அரசு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. பிறகு மீன்வளத் துறை அதை நடத்தியது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் மூடினார்கள். போர் முடிந்து இத்தனை காலமாகியும் அது திரும்ப வரவில்லை. கடலே இல்லாத அகமதாபாத்தில், அங்குள்ள அறிவியல் நகரத்தில், 2021-ல் சுமார் 260 கோடி ரூபாய் செலவில் அரசே ஒன்றைக் கட்டித் திறந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் கேட்பதில் என்ன தவறு?

தனியார் கட்டட்டுமே என்பீர்கள். அவர்கள் நடத்துவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிக்கெட் விற்றால்தான் அவர்களால் கரண்ட் பில் கட்ட முடியும். கூட்டம் சேர்க்கிற மீன்தான் தொட்டிக்குள் வரும். அமேசான் ஆற்று அரபைமா வரும், பிரானா வரும். நம் பழவேற்காட்டு ஏரியின் மடவை மீன் வராது. நாலு பேர் உள்ள குடும்பம் ஒருநாள் கூலியை நுழைவுச்சீட்டுக்கே கொடுக்க வேண்டியிருந்தால் என் வகுப்புப் பிள்ளைகளும் வரமாட்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது நம் கடல். பழவேற்காட்டின் உப்பங்கழி நீருக்கு ஒரு தொட்டி. அதில் மடவையும் கொடுவாவும். பிச்சாவரத்துச் சேறும் அலையாத்தி வேரும் ஒரு பக்கம். அங்கே செவுளோடு கரையேறித் தாவித் திரியும் சேற்றுமீனை ஒரு பிள்ளை பத்து நிமிடம் நின்று பார்த்தால், நான் ஒரு வாரம் கத்திச் சொல்வது தானாக விளங்கும். அப்புறம் மன்னார் வளைகுடா. 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லும் சுவர் ஒன்றும் வேண்டும்.

உயிர்களை அடைத்து வைப்பது சரியா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. டால்பின் காட்சியகங்களுக்கு 2013-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. அது நல்ல முடிவு. கடற்பசு என்கிற ஆவுளியாவையும் தொட்டியில் வைக்கக் கூடாது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று 2022-ல் ஒதுக்கியிருக்கிறோம். அது மேயும் கடற்புல்லைத் தொட்டியில் வளர்த்து, ஆவுளியாவைத் திரையில் காட்டினால் போதும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. “தண்ணிலயே இருக்கிற ஆமை எப்படி மிஸ் மூச்சு முட்டிச் சாகும்?” என்று கேட்டார்கள். ஆமைக்கு நுரையீரல், இழுவலைக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்சு எடுக்க முடியாது. இதை விளக்க உயிருள்ள ஆமை வேண்டாம். நிஜ வலையையும், அதில் ஆமை தப்பிக்கப் பொருத்தும் கருவியையும் தொங்கவிட்டுக் காட்டலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்கிறேன். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே பராமரிப்புக்கும் தனியாக ஒதுக்குங்கள். கடல்நீரை வடிகட்டும் பம்பு ராப்பகலாக ஓட வேண்டும். அது நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து சில மணி நேரத்திலேயே மீன்கள் சாகத் தொடங்கும். திறப்பு விழாவோடு நிதி தீர்ந்துபோனால், கட்டாமலே இருந்துவிடலாம்.

விளக்கம் சொல்லும் வேலைக்கு மீனவக் குப்பத்து ஆட்களை எடுங்கள். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள். எந்தக் காற்றில் எந்த மீன் கிட்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மீன்பிடித் தடை இருக்கும் அந்த 61 நாட்களில் அவர்களுக்கும் ஒரு வருமானம் கிடைக்கும். அன்று இமையைப் பற்றிக் கேட்டவளின் அப்பா, தன் மகளின் வகுப்புக்கே கடலைப் பற்றிப் பாடம் எடுக்கலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச அனுமதியும், வருடத்துக்கு ஒருமுறை போய்வரப் பேருந்தும் கொடுங்கள். இடம் எங்கே, நிதியில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்ய மூன்று துறைகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். கூப்பிட்டால் ஆசிரியர்கள் நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர்
வடசென்னை