ஆபாசப் புத்தக விற்பனை: முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் ஆபாசச் சஞ்சிகைகள் விற்கிறார்கள், அவற்றை உடனே ஒழிக்க வேண்டும் என்று ஊரில் பேச்சுப் பலமாக இருக்கிறது. ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கொப்பி, பேனை, பத்திரிகை விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள்தான் என் கடைக்கு அதிகம். ஆனால் ஒழிப்பு என்ற பெயரில் போன மாதம் நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இளைஞர்கள் சிலர் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் உள்ள கடையொன்றுக்குள் புகுந்து, தொங்கிய புத்தகங்களை எல்லாம் இழுத்து வீதியில் போட்டார்கள். போய்ப் பார்த்தேன். சேற்றில் கிடந்தவற்றில் அவர்கள் தேடி வந்தது இரண்டோ மூன்றோதான். மிச்சமெல்லாம் சினிமா இதழ்கள், பஞ்சாங்கம், கர்ப்பிணித் தாய்மாருக்கான கையேடு. கையேட்டின் அட்டையில் பால் கொடுக்கும் தாயின் படம் இருந்ததாம், அதனால் அதுவும் ஆபாசமாம். கூடி நின்றவர்கள் "நல்ல வேலை" என்றார்கள்.

இந்த மனநிலை எனக்குப் புதிதில்லை. பருவமடையும் பெண் பிள்ளைகளுக்கான சுகாதாரப் புத்தகம் ஒன்றை ஒரு தாய் என்னிடம் வாங்கிப் போனார். அன்று பின்னேரமே தகப்பன் வந்து அதை மேசையில் எறிந்து, "குமர்ப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதையெல்லாம் விக்கிறீங்களே அக்கா?" என்று கேட்டார். பருவ வயதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திலேயே படிப்பிக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் 1927இல் இருந்தே இருக்கிறது. விற்பதற்கென்று வைத்திருப்பதே அதன்படி குற்றம். சிறுவருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்க 1956இல் தனிச் சட்டம் வந்தது. சிறுவரை வைத்து ஆபாசப் படம் எடுப்பதையும் விற்பதையும் 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்தார்கள். ஆனால் எது ஆபாசம் என்பதற்கு அந்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரைவிலக்கணம் கிடையாது. நீதிமன்றமே யோசித்துச் சொல்ல வேண்டியதை வீதியில் நின்று அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா?

உண்மையாக நிறுத்த நினைத்தால் கொண்டுவந்து போடுகிறவரைப் பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வருவார். சினிமா இதழ்க் கட்டின் நடுவில் நாலைந்தைச் செருகி வைத்திருப்பார். "வித்தா காசத் தாங்க, விக்காட்டி அடுத்த கிழமை எடுத்துட்டுப் போறன்" என்பார். நான் வாங்கவில்லை. ஆனால் பத்திரிகை விற்பனையில் கிடைக்கும் கழிவு சொற்பம், எல்லாக் கடைக்காரராலும் மறுக்க முடிவதில்லை. வாங்குகிறவர்களும் பொடியன்கள் மட்டும் இல்லை. பத்திரிகைக்குள் சுருட்டித் தரச் சொல்லும் தலை நரைத்தவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் என்று வந்தால் எல்லாரும் ஒழிப்பு என்றே கையுயர்த்துகிறார்கள். ஊரின் உண்மையான எண்ணம் என்னவென்று பிறகு எப்படித் தெரியும்?

சிகரட், மதுபானம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த அறிவித்தலைக் கடைகளில் பார்த்துப் பழகிவிட்டோம். பிள்ளை வந்து கேட்டால் கடைக்காரர் அதைக் காட்டி இல்லை என்று சொல்லலாம், சண்டை இல்லை. சட்டம் தடுக்காத, ஆனால் பிள்ளைகளுக்கு ஆகாத கதைப் புத்தகங்களுக்கும் கிளுகிளுப்பான அட்டை போட்ட இதழ்களுக்கும் அப்படியொரு விதி வேண்டும். பாடப்புத்தகங்களோடு அவற்றைத் தொங்கவிடக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று உபவிதி கொண்டுவரப் பிரதேச சபை யோசிக்க வேண்டும். சட்டம் தடுத்த புத்தகத்தைக் கண்டவர்கள் எந்தக் கடை, எந்த நாள் என்று எழுதிப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். சிறுவரை வைத்து எடுத்த ஆபாசப் படம் என்றால் உடனே 1929 இலக்கத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், சுகாதாரப் புத்தகங்களை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். என் கடையில் அவை முன்மேசையில்தான் இருக்கின்றன, தொடர்ந்தும் அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
புத்தகக் கடைக்காரப் பெண் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.