குறை சொல்கிறவர்களுக்கும் ஓட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். நானும் இந்தப் பக்கத்தில் இன்னும் பலரும் தமிழில் டைப் செய்யப் பயன்படுத்துகிற ஒரு கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வலர் குழு ஒன்று பராமரித்து வருகிறது. கல்லூரி மாணவர்கள், வாத்தியார்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்மூர்ப் பிள்ளைகள் என்று எல்லாரும் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. அந்தக் குழு தன் இஷ்யூ டிராக்கரை, அதாவது மென்பொருளில் வருகிற குறைகளுக்கு எண் போட்டுப் பதிந்து வைக்கிற இடத்தை, வாடகை சர்வரில் நாங்களே நடத்துகிற பக்சில்லா என்ற மென்பொருளிலிருந்து, புரோகிராம்களை வைத்துக் கூட்டாக வேலை செய்கிற கிட்ஹப் என்ற இணையதளத்துக்கு மாற்றலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஓட்டெடுப்பு. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. குறை எழுதி அனுப்புகிறவர்களில் பலருக்கு இப்படியொரு பேச்சு நடப்பதே தெரியாது, அவர்கள் காலையில் புரட்டுவது உங்கள் பத்திரிகையைத்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பக்சில்லா 1998-ல், ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்கிற மோசில்லாவுக்காக வந்தது, இன்றைக்கும் மோசில்லா அதைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அவர்களிடம் ஆள் இருக்கிறது. எங்கள் குழுவில் சர்வர் வாடகை கட்டுவது, அப்டேட் போடுவது, குப்பைப் பதிவுகளை அழிப்பது எல்லாம் ஒரே ஒருவர் தலையில். அவருக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. புதிதாக வருகிற மாணவர்களுக்கு கிட்ஹப் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, திருத்தத்தைச் சேர்த்ததும் அதோடு குறையும் தானே மூடிக்கொள்கிறது. இதெல்லாம் நியாயமான காரணங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் போகிற போக்கில் எதை விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று யாரும் பேசக் காணோம். ஒரு குறையை மட்டும் சொல்கிறேன். கோயில் நன்கொடையாளர் பட்டியல் ஒன்று கடைக்கு வந்தது, இரண்டு பேர் பங்கு போட்டு அடித்தது. அதில் ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். கொண்டுவந்தவர், "அண்ணாச்சி, கண்ணு முன்னால பேரு இருக்கு, தேடுனா வரமாட்டேங்கு" என்று திரையைத் தொட்டுக் காட்டுகிறார். விஷயம் என்னவென்றால், எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கிற யூனிகோடில் 2005-ல் 'ஶ' தனி எழுத்தாகச் சேர்ந்த பிறகு ஸ்ரீயை இரண்டு விதமாக உள்ளிட முடிகிறது, 'ஸ்' போட்டும் 'ரீ' சேர்க்கலாம், 'ஶ்' போட்டும் 'ரீ' சேர்க்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. நம் பக்கத்தில் ஸ்ரீவைகுண்டமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கும்போது இது சின்னக் குறை இல்லை.

இதை எங்கள் பதிவேட்டில் முதலில் சொன்னது புரோகிராமர் யாரும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு டீச்சர், மாணவர் பட்டியலில் இதே சிக்கல் வந்து, திரையைப் போனில் படம் எடுத்து, தமிழிலேயே நாலு வரி எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார், அது தானாகக் குறையாகப் பதிவாகி எண் வாங்கிக்கொண்டது. அதன் கீழே யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எந்த விசைப்பலகை எந்த ஸ்ரீயை அனுப்புகிறது என்று வரிசையாக எழுதினார். எல்லாவற்றையும் ஒரே வகையாக மாற்றிவிடலாம் என்றார் ஒருவர், அடித்தவர் அடித்ததில் கை வைக்கக்கூடாது, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாம் என்றார் இன்னொருவர். அப்படித்தான் முடிவானது. இன்று மூலநிரலில் அந்த வரிக்கு மேலே குறை எண் மட்டும்தான் எழுதியிருக்கிறது, காரணம் எல்லாம் பதிவேட்டில் கிடக்கிறது. மாற்றும்போது எண் மாறிவிட்டால், நாளைக்கு வருகிற பையன் இது எதற்கு என்று தெரியாமல் அந்த வரியை எடுத்துவிடுவான்.

பெரிய குழுக்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கின்றன. விக்கிப்பீடியாவை நடத்துகிற விக்கிமீடியா 2014-ல் பக்சில்லாவை விட்டு ஃபேப்ரிகேட்டர் என்ற இன்னொரு டிராக்கருக்குப் போனபோது பழைய எண்ணோடு 2000-ஐக் கூட்டினால் புதிய எண் கிடைக்கும்படி வைத்தார்கள், யாரும் தொலைந்துபோக வழியில்லை. ஃபேப்ரிகேட்டரை உருவாக்கிய நிறுவனம் 2021-ல் கையை விரித்துவிட்டது, ஆனால் விக்கிமீடியா அதைத் தன் சர்வரிலேயே நடத்தி வந்ததால் அவர்கள் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் குழு 2022-ல் கிட்ஹப்புக்கு மாறியது, பழைய தளத்தைப் படிப்பதற்கு மட்டும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறது. லினக்ஸ் கணினிகளுக்கு டெஸ்க்டாப் செய்கிற கே.டி.இ.க்காரர்கள் 2020-ல் நிரலை மட்டும், கிட்ஹப் மாதிரியே ஆனால் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய கிட்லாபுக்குக் கொண்டுபோய்விட்டு, குறைகளுக்கு பக்சில்லாவே போதும் என்று இருந்துவிட்டார்கள். மறுபக்கம், நிரலைக் கணினிக்குப் புரிகிறபடி மாற்றும் கருவிகளைச் செய்கிற எல்.எல்.வி.எம். குழு 2021 இறுதியில் கிட்ஹப்புக்குப் போனபோது பழைய பதிவுகள் ஏராளமாக எழுதியவர் பெயரில் இல்லாமல் தானியங்கிக் கணக்கு ஒன்றின் பெயரில் போய் உட்கார்ந்தன. எங்கள் டீச்சரின் பெயருக்கும் அதுதான் நடக்கும் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தவர் இடத்தில் பதிவேட்டை வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட மென்பொருள் திட்டங்களுக்கு இடம் கொடுத்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது, அதில் இருந்த திட்டங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவில் 32 இணையதளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. சில நாளில் சரியானது என்றாலும், அதுவரை நம் குறைப்பதிவேட்டை நாமே பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது கணக்குப் பிரச்சினை. கிட்ஹப்பில் கணக்குத் திறக்காமல் குறை பதிய முடியாது, கணக்குத் திறக்கும் பக்கத்தில் தமிழ் கிடையாது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு நாளன்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம், அந்த மாதிரி இருக்க வேண்டிய இடம் இது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இன்றைக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டால் குறை பதிவாகிவிடுகிறது, கணக்கே வேண்டாம். கிட்லாபிலும் மின்னஞ்சலில் வருவதைக் குறையாகப் பதிகிற வசதி இருக்கிறது, அதை நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், மாணவர்களுக்கும் அது பழகிய முகம்தான். பராமரிக்க ஆளில்லை என்பதுதான் உண்மையான தடை என்றால், இந்த மாவட்டத்துக் கல்லூரிக் கணினித் துறைகளில் ஏதாவது ஒன்று முன்வந்து ஓர் இயந்திரமும் இரண்டு மாணவர்களும் கொடுத்தால் போதும், பிள்ளைகளுக்கும் நல்ல அனுபவம், வாடகை மிச்சம்.

குழுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்: ஓட்டெடுப்பை ஒரு மாதம் தள்ளிவையுங்கள், குறை பதிந்த ஒவ்வொருவரின் மின்னஞ்சலும் உங்களிடம் இருக்கிறது, அவர்களுக்குத் தமிழில் ஒரு கடிதம் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஒரு குறையாவது பதிந்தவருக்கு ஓர் ஓட்டு என்று வையுங்கள். இந்த மென்பொருளில் வேலை செய்கிற மற்ற டி.டி.பி.க்காரர்களும், ஆசிரியர்களும், பஞ்சாயத்து ஆபீஸ் பணியாளர்களும் இதைப் படித்தால், கணக்கு இல்லாமலே குறை சொல்ல வழி வேண்டும் என்று இந்த மாதத்துக்குள் குழுவுக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

இப்படிக்கு,
டி.டி.பி. சென்டர் நடத்தும் வாசகர்,
பாளையங்கோட்டை.