பூட்டிய கொட்டகையைத் திறக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
வடிகால் ஓரத் தெருவின் கடைசி வீட்டுக்காரன்
(தெருவில் குடியிருப்போர் சார்பிலும்)

பெறுநர்
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்

பொருள்: வண்டிகளின் கழிவு ஆயில், பழைய பேட்டரி, பெயிண்ட், பூச்சிமருந்து போன்ற ஆபத்தான வீட்டுக் கழிவுகளைப் பெறுவதற்காகக் கட்டி இன்னும் திறக்கப்படாத கொட்டகையைத் திறக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சைத் தகரக் கதவு போட்ட அந்தக் கொட்டகையைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். உங்களுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. வடிகால் தூர்வாரியபோது அதன் நிழலில் நின்றுதான் நீங்கள் வேலையை மேற்பார்வை செய்தீர்கள். ‘கழிவு ஆயில், பேட்டரி, பெயிண்ட், காலாவதி மருந்து இங்கே பெற்றுக்கொள்ளப்படும்’ என்று கதவில் எழுதியது இப்போது வெயிலில் வெளுத்துவிட்டது. பூட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. எங்கள் குறைகளைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். பொறுமையோடு கடைசிவரை படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. கொட்டகை கட்டி முடித்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஒரு நாள்கூடத் திறக்கவில்லை.

2. திறக்காததால், தெருவில் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பழைய ஆயிலை வடிகாலில்தான் ஊற்றுகிறார்கள். அது மழைநீர் வடிகால். சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கமே போகாமல் நேரே ஏரியில் விழுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் ஏறக்குறைய 4 லிட்டர் வெளியே வரும். அதைக் கண்ட இடத்தில் கொட்டினால் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் கெட்டுப்போகலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. எங்கள் தெருவில் பதினொரு கார்கள் நிற்கின்றன. பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சிலர் சோப்புத்தூளைக் கொட்டிக் கழுவிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஆயில் மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். சோப்பு அதைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரோடு இன்னும் ஆழமாகக் கலந்துவிடுகிறது.

3. இனி என் வீட்டு மாடிப்படி. முதல் மூன்று மனுக்களிலும் இதைக் கூச்சத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டேன். இப்போது கூச்சம் போய்விட்டது.

என் வண்டிக்கு நானே ஆயில் மாற்றுகிற பழக்கம் எனக்கு உண்டு. கொட்டகைக் கதவில் எழுதியிருந்ததை நம்பி, பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே பிடித்து, இறுக மூடி, என்ன ஆயில், எந்த மாதம் என்று எழுதி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். ஃபில்டரை ஒரு ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் கேனில் சேர்த்தேன். மொத்தம் இரண்டு கேன். இதோடு நின்றிருந்தால் உங்களுக்கு இந்த மனுவே வந்திருக்காது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் வந்தார். “அண்ணே, நீங்க சேத்து வைக்கிறீங்களாமே. என்னோடதையும் வச்சுக்குங்க, கொட்டகை திறந்ததும் ஒண்ணாக் கொடுத்துடலாம்” என்றார். சரி என்றேன். அந்த ஒரு ‘சரி’தான் நான் செய்த தப்பு. அப்புறம் யாரும் கேட்டுக்கொண்டுகூட வரவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஏதாவது இருக்கும். முதலில் எதிர் வரிசை வீடுகள், பிறகு பின்தெரு, இப்போது மேட்டுத் தெருவிலிருந்தும் வருகிறது. இருட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. வடிகாலில் ஊற்ற மனம் வராதவர்கள்தானே என் வாசலைத் தேடி வருகிறார்கள்!

இன்றைய கணக்கு: கழிவு ஆயில் 61 லிட்டர். கார் பேட்டரி மூன்று. கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) இரண்டு பாட்டில். பிரேக் ஆயில் அரை டப்பா. தின்னர், வார்னிஷ், காய்ந்ததும் காயாததுமாக ஒன்பது பெயிண்ட் டப்பா. டியூப் லைட் பதினான்கு. பெயர் அழிந்த பூச்சிமருந்துக் குப்பி ஒன்று. அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

கேனில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் வைக்கிறார்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், சிவப்பாக இருந்தால் அனேகமாக ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் என்று நானே ஊகித்து எழுதி ஒட்டுகிறேன். ஒன்றாக ஊற்றி இடத்தைக் குறைக்கலாமே என்று என் மனைவி கேட்டார். முடியாது. ஆயில் தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை, அழுக்காகத்தான் ஆகிறது. சுத்திகரித்தால் மறுபடியும் ஆயில்தான். சுமார் 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான இன்ஜின் ஆயிலை, வெறும் 3.8 லிட்டர் கழிவு ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம். ஆனால் அதில் கூலன்ட்டோ தின்னரோ பெட்ரோலோ கலந்துவிட்டால் சுத்திகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். ஆகவே எல்லாம் தனித்தனியாக, வரிசையாக நிற்கின்றன. நாங்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் மாடி ஏறுகிறோம்.

அந்த பிரேக் ஆயில் டப்பா கசிந்து, சுவரின் பெயிண்ட் ஒரு முழம் உயரத்துக்கு உரிந்து வந்துவிட்டது. அது போகட்டும், சுவர்தானே. கூலன்ட்டைத்தான் சொல்ல வேண்டும். அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பார்க்க அழகான பச்சை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் என்பதுதான் அதன் கொடுமை. நாய் நக்கும், குழந்தை குடிக்கும். உடம்புக்குள் போனபின் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். என் பேரனுக்கு மூன்று வயது. போன மாதம் அவன் அந்தப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, “தாத்தா, இதைத் திறந்து கொடு” என்று என்னிடம் வந்தான். மூடி இறுகியிருந்தது, அதனால்தான் பிழைத்தோம். ஐயா, அந்த மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் இந்த மனுவை நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். வேறு எங்காவது எழுதிக்கொண்டிருப்பேன். இப்போது பாட்டில்கள் பரண்மேல் இருக்கின்றன. பேரன் வரும் நாட்களில் மாடிப்படிக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு அடைத்துவிடுகிறோம். கட்டிலைத் தாண்டிக் குதித்துத்தான் நான் மாடிக்குப் போகிறேன். என் வயதுக்கு அது அழகாக இல்லை.

4. உங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட யோசனைகளுக்கு என் பதில்.

(அ) “குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.” வண்டியில் அழுத்தும்போது பேட்டரி உடைந்தால் ஆசிட் யார் மேல் தெறிக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார்களா? எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்குக் கையுறைகூட ஒரு கைக்குத்தான் இருக்கிறது. டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். ஆனாலும் தினமும் பத்துத் தெருவின் குப்பையை அள்ளுகிறவருக்கு அது ஒரு வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

(ஆ) “பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள், காசாவது கிடைக்கும்.” உண்மைதான், காசு கிடைக்கும். முறையாகச் செய்யும் ஆலைக்குப் போனால் பேட்டரியில் உள்ள ஈயம் ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைக்கும், அதுவும் உண்மை. ஆனால் தெருமுனையில் சுத்தியலால் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கவிழ்த்து, ஈயத்தை மட்டும் எடுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செனகல் நாட்டின் தலைநகர் டாக்காரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இப்படித்தான் செய்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். மண்ணில் கலந்திருந்த ஈயம்தான் காரணம்.

(இ) “மண் தெருவில் தெளித்துவிடுங்களேன், தூசி அடங்கும்.” இதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தூசி அடங்கட்டும் என்று அங்கே தெருக்களில் கழிவு ஆயில் தெளிக்க ஏற்பாடு செய்தார்கள். தெளித்தவரின் ஆயிலில் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் என்ற கொடிய நச்சுக் கழிவும் கலந்திருந்தது. பத்து வருஷம் கழித்து, 1982-ல் மண்ணைச் சோதித்தபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. 1983-ல் அரசு ஊர் மொத்தத்தையும் விலைக்கு வாங்க முடிவு செய்தது. சுமார் இரண்டாயிரம் பேர் வீடுவாசலை விட்டுப் போனார்கள். இன்று அப்படி ஓர் ஊரே இல்லை. என் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் 61 லிட்டரில் எந்தக் கேனில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, சிரித்தவருக்கும் தெரியாது.

5. மறுபடியும் மாடிப்படிக்கே வருகிறேன், மன்னிக்கவும்.

போன வாரம் யாரோ ஒரு பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்திருந்தார்கள். பழந்துணி என்று நினைத்து உள்ளே தூக்கிவந்து பேட்டரிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் ஒரு மாதிரி காரநெடி. பையைத் தொட்டேன், சுட்டது. ஜன்னல் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகள். அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காயும்போது சூடு கிளம்பும். துணியைச் சுருட்டி மூட்டை கட்டிவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் தின்னர், அதற்குப் பக்கத்தில் 61 லிட்டர் ஆயில், மேலே தூங்கும் அறை. பையை அப்படியே தெருவுக்குத் தூக்கி ஓடி, ஒரு தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி மூடிவைத்தேன். அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் செய்தது தப்பா ஐயா? எல்லோரையும்போல ராத்திரி பத்து மணிக்கு வடிகால் மூடியைத் தூக்கி ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. விதிப்படி நடந்தவன் வீடு கிடங்காகிவிட்டது. விதிப்பலகை எழுதிய அலுவலகம் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்த மையம் இயங்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நன்றாகவே இயங்குகிறது, என் மாடிப்படிக்கு அடியில், இருபத்துநான்கு மணி நேரமும், சம்பளமில்லாத ஓர் ஊழியரோடு!

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

6. “நிதி வரவில்லை” என்றார்கள். நாங்கள் கேட்பது பெரிய ஆலை இல்லை. கொட்டகை இருக்கிறது. சிந்தினால் வெளியே ஓடாதபடி உள்ளே தரையைச் சுற்றி ஒரு சாண் உயரத் தடுப்பு, இன்ஜின் ஆயிலுக்கு ஒரு பேரல், கூலன்ட்டுக்குத் தனியாக ஒரு பேரல், பேட்டரிக்கு ஆசிட் தாங்கும் தட்டு, டியூப் லைட்டுக்கு நீளமான பெட்டி, ஒரு மூட்டை மரத்தூள், ஒரு புனல். மாதத்தில் இரண்டு நாள் திறந்தால் போதும். பேரல் நிறைந்ததும் அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளர் வந்து எடுத்துப்போக ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் உங்கள் கையெழுத்துதான் வேண்டும், அதை நான் போட முடியாது.

7. “ஆள் இல்லை” என்றும் சொன்னார்கள். அப்படியானால் சாவியை என்னிடம் கொடுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே திறந்து, உட்கார்ந்து, பெயர் எழுதி வாங்கி வைக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்துதானே ஆக வேண்டும்.

ஆகவே, கொட்டகையைத் திறக்க உத்தரவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முழுதாகத் திறக்க நாளாகும் என்றால், என் வீட்டில் இருப்பதை எடுத்துப்போக ஒரு வண்டியையாவது இந்த வாரத்துக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவும் முடியாது என்றால், முடியாது என்பதையாவது எழுத்தில் கொடுங்கள். வாசலில் ஒட்டிவைக்கிறேன், பார்த்துவிட்டுப் புதிதாக வைப்பவர்கள் நிறுத்தக்கூடும். அடுத்த மாதம் பேரன் பதினைந்து நாள் தங்க வருகிறான். அதற்குள் திறந்துவிடுங்கள் ஐயா, தயவுசெய்து திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைசி வீட்டுக்காரன்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல் மூன்று, மாடிப்படியின் புகைப்படம் ஒன்று, அங்கே உள்ள பொருட்களின் பட்டியல் (இன்று காலை ஆறு மணி வரை வந்தவை மட்டும்).