கயிற்றில் சிக்கிய திமிங்கலம் உடனே சாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிவின் விளிம்பில் இருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கப்பல் மோதுவதையும் கடல் சூடாவதையும் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரையாளர், மீன்பிடிக் கயிறுகளுக்கு ஒரே ஒரு வரியைத்தான் ஒதுக்கியிருக்கிறார்: சில வேளைகளில் வலையில் சிக்கியும் இவை இறக்கின்றன என்று. அந்த ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

'சில வேளைகளில்' என்பது சரியில்லை. இந்தத் திமிங்கலங்கள் இன்று உலகில் 380 அளவில்தான் இருக்கின்றன. கன்று ஈனும் நிலையில் உள்ள பெண்கள் எழுபதைத் தாண்டினால் அதிகம். தலையில் இருக்கும் வெண்மையான தடிப்புகளின் அமைப்பு ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது என்பதால், ஆய்வாளர்கள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார்கள். அந்தப் படங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட திமிங்கலங்களின் உடலில் கயிறு அறுத்த தழும்பு தெரிகிறது. பாதிக்கும் மேற்பட்டவை ஒரு முறையோடு தப்பவில்லை, திரும்பவும் சிக்கியிருக்கின்றன.

'வலையில்' என்பதும் முழு உண்மை அல்ல. இவற்றைப் பெரும்பாலும் பிடிப்பது கயிறு. சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் கடலடியில் கூண்டு வைப்பவர்கள், அது கிடக்கும் இடம் தெரிய மேலே ஒரு மிதவையைக் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கயிறு செங்குத்தாக நிற்கிறது. பருவ காலத்தில் அமெரிக்க, கனடாக் கரையோரங்களில் இப்படி எண்ணற்ற கயிறுகள் நிற்கும். அதற்குள்தான் இந்தத் திமிங்கலம் வாயைத் திறந்தபடி நீந்தி, அரிசி மணி அளவுள்ள உயிரிகளை வடிகட்டித் தின்கிறது. திறந்த வாயில் கயிறு மாட்டுகிறது. மிரண்டு உடலைப் புரட்டுகிறது. புரட்டப் புரட்டத் துடுப்பிலும் வாலிலும் கயிறு சுற்றிக்கொள்கிறது.

என்னை மிகவும் வருத்தியது 'சிக்கி இறக்கின்றன' என்ற சொற்கள்தான். படிப்பவர்களுக்கு ஏதோ ஒரு நாள் சிக்கியது, அன்றே செத்தது என்றுதான் தோன்றும். 5120 என்ற எண்ணுள்ள பெண் குட்டியின் கதையைச் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் அதன் வாலடியில் கயிறு சுற்றியிருப்பதைக் கண்டார்கள். 2024 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் அதன் உடல் ஒதுங்கியது. வயது மூன்று. இடையில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. அதற்குள் அது வளர்ந்தது, கயிறு வளரவில்லை. வால் அசையும்போதெல்லாம் கயிறு சதைக்குள் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கயிற்றில் ஊதா நிற அடையாளம் இருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிங்கி இறால் கூண்டுக் கயிறுகளுக்கு உரிய நிறம் அது.

ஒன்றரை ஆண்டு, ஆசிரியர் அவர்களே. இதை 'சிக்கி இறந்தது' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாமா?

சாகாமல் பிழைப்பவற்றின் கதையும் அப்படித்தான். இழுத்துத் திரியும் கயிறும் கூண்டும் ஒவ்வொரு வீச்சிலும் உடல் கொழுப்பைக் கரைக்கின்றன. கொழுப்புச் சேராத தாய் கருத்தரிப்பதில்லை. முன்பு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஈன்றவை இப்போது ஆறு, ஏழு ஆண்டுகள், சில அதற்கும் மேல் இடைவெளி விடுகின்றன. இந்தக் காலத்தில் பிறப்பவை வளர்ந்த பிறகும் 1980களில் பிறந்தவற்றைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையாகவே இருக்கும் என்று 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கயிறு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

'ஸ்னோ கோன்' என்று பெயரிடப்பட்ட தாயைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதன் முதல் கன்று 2020இல் கப்பல் மோதி இறந்தது. 2021 மார்ச்சில் தாய் கயிற்றில் சிக்கியது. மீட்புக் குழுவினரால் கொஞ்சம் கயிற்றைத்தான் வெட்ட முடிந்தது. மீதி மேல்தாடையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கயிற்றோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே நீந்திப் போய், அந்த டிசம்பரில் கன்று ஈன்றது. அடுத்த கோடையில் கன்றைக் காணவில்லை. 2022 செப்டம்பரில் தாய் மீண்டும் தென்பட்டபோது எலும்பும் தோலுமாக, உடலெங்கும் பேன் பற்றி வெளுத்துப்போய், புதிதாக இன்னொரு கயிற்றையும் இழுத்துக்கொண்டிருந்தது.

மீட்புக் குழுக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சிறு படகில் பக்கத்தில் போய், பாதாளக் கரண்டி போன்ற கொக்கியைக் கயிற்றில் மாட்டி, மிதவைகளைக் கட்டித் திமிங்கலத்தைக் களைக்கவைத்து, நீண்ட கழியின் நுனியிலுள்ள கத்தியால் ஒவ்வொரு சுற்றாக அறுக்கிறார்கள். கனடாவின் ஜோ ஹவ்லெட் 2017 ஜூலையில் ஒரு ரைட் திமிங்கலத்தை விடுவித்த மறுகணமே அது அடித்து உயிரிழந்தார். அவரும் சிங்கி இறால் பிடித்துப் பிழைத்த மீனவர்தான். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 17 ரைட் திமிங்கலங்கள் இறந்துகிடந்தன. ஆனால், இறப்பவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் மனிதர் கண்ணிலேயே படுகிறது. கண்ணில் படாததை யார் போய் விடுவிப்பது? எவ்வளவு தீரமானாலும் கத்தியால் ஓர் இனத்தைக் காப்பாற்ற முடியாது. நீரில் நிற்கும் கயிறு குறைய வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. கயிற்றையும் மிதவையையும் கூண்டோடு கடலடியிலேயே கிடக்கவிட்டு, படகு வந்து ஒலிச் சைகை அனுப்பிய பிறகு மட்டும் மிதவை எழும்பும் கருவிகளைக் கனடாவின் நண்டு மீனவர்கள் சிலர், திமிங்கலம் வந்ததால் மற்றவர்களுக்கு மூடப்பட்ட பகுதிகளில் பயன்படுத்துகிறார்கள். விலை அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலே மிதவை இல்லாததால் அடுத்தவர் கூண்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுவிடும் சிக்கலும் உண்டு. அந்தச் செலவை மீனவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். பலர் தம் வாழ்நாளில் ஒரு ரைட் திமிங்கலத்தைக்கூடப் பார்த்ததில்லை; வேண்டுமென்று யாரும் கயிறு வீசவில்லை. அரசுகள்தான் பணம் போட வேண்டும். ஆனால், அமெரிக்க நாடாளுமன்றம் 2022 இறுதியில் செய்தது என்ன? சிங்கி இறால் மீன்பிடிப்புக்கான புதிய கயிற்றுக் கட்டுப்பாடுகளை 2028 முடியும்வரை தள்ளிவைத்தது. எழுபது தாய்கள் மிஞ்சியிருக்கும் இனத்துக்கு ஆறு ஆண்டு என்பது ஒரு பிரசவத்துக்கான காலம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கயிறில்லா மீன்பிடிப்புப் பற்றி, அதைப் பயன்படுத்தும் மீனவர்களிடமே பேசி, ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். இனி இத்தகைய மரணச் செய்தி வரும்போது, கயிறு முதலில் காணப்பட்ட தேதியையும் உடல் கரை ஒதுங்கிய தேதியையும் அருகருகே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்