ஸ்டார்ட் ஆகலையா, முதல்ல சைலன்சரை பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல டிராக்டர் பராமரிப்பு பத்தி அப்பப்போ வருது, ஆயில் மாத்துங்க ஏர் கிளீனர் தட்டுங்கன்னு, எல்லாம் சரிதான், ஆனா காலைல சாவிய திருப்புனா செல்ஃப் சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்குது, வண்டிக்கு மட்டும் உயிர் வர மாட்டேங்குது, அந்த நேரத்துல எங்கேந்து பாக்க ஆரம்பிக்கணும்னு யாரும் எழுதி நான் படிக்கல. அதான் நானே எழுதுறேன். நீளமா இருந்தா வெட்டிக்கங்க, புகை பத்தி சொல்றத மட்டும் வெட்டாம போடுங்க.

என் வண்டி இந்த கோளாறுல ரெண்டு மாசம் என்னை ஆட்டி வச்சிச்சு. முதல்ல பேட்டரின்னாங்க, புதுசு போட்டேன். அப்புறம் செல்ஃப் மோட்டார்னாங்க, கழட்டி கார்பன் மாத்துனேன். அதுக்கப்புறம் இன்னொருத்தர் வந்து காதை வச்சு கேட்டுட்டு "பம்ப் போச்சு"ன்னு ஒரே போடா போட்டாரு, நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற அந்த பெரிய பம்பை இறக்கி காலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரி பண்ண, அனுப்பி திரும்ப மாட்டி ஓட்டுனா அன்னிக்கு பூரா அருமையா ஸ்டார்ட் ஆச்சு, மறுநாள் காலைல பழைய குருடி கதவைத் திறடின்னு அதே கதை. கடைசில கண்டுபிடிச்சது என்ன தெரியுமா, பீட் பம்புக்கு (டேங்குலேந்து டீசலை உறிஞ்சி அனுப்புற சின்ன பம்ப்) டீசல் வர்ற பைப்ல பேஞ்சோ போல்ட்டுக்கு (உள்ள டீசல் போக ஓட்டை இருக்குற போல்ட்) அடியில இருக்குற செம்பு வாஷர், விரல் நுனி அளவு கூட இல்லாதது, அதுல தலைமுடி மாதிரி ஒரு கீறல். அவ்ளோதான்.

இப்ப யோசிச்சா எல்லாரும் பொருளை மாத்துனாங்களே தவிர ஒருத்தரும் வண்டிய பாக்கலைன்னு தோணுது, என்னையும் சேத்துத்தான் சொல்றேன். டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை 16ல ஒரு பங்கு, 18ல ஒரு பங்குன்னு அமுக்குறதுல வர்ற சூடு 500 டிகிரிக்கு மேல போகும், அந்த சூட்டுல நாசில் டீசலை பூவா தூவுனா தானா பத்திக்கும். அப்ப தேவை மூணே விஷயம், இஞ்சின் வேகமா சுத்தணும், காத்து நல்லா அமுங்கணும், டீசல் நேரத்துக்கு வரணும். இதுல எது இல்லைன்னு வண்டியே சொல்லும், சைலன்சர் வாயை பாத்தா போதும்.

செல்ஃப் போடும்போது புகையே வரலையா, டீசல் உள்ள போகலைன்னு அர்த்தம், அப்ப பேட்டரிய நோண்டி பிரயோஜனம் இல்ல. வெள்ளையா புகை வருதா, டீசல் போகுது ஆனா பத்திக்கல, சூடு போதலையா, கம்ப்ரஷன் (காத்து அமுங்குறது) இல்லையா, டைமிங் (டீசல் தூவுற நேரம்) தள்ளிப்போச்சா, இல்ல டீசல்ல தண்ணியான்னு பாக்கணும். கறுப்பா வந்தா காத்து போகல, ஏர் கிளீனர்ல குளவி கூடு கட்டியிருந்ததை என் கண்ணால பாத்திருக்கேன். நீலமா வந்தா ஆயில் எரியுது, அது பிஸ்டன் ரிங்கு இல்லாட்டி வால்வு சமாச்சாரம். இதுக்கு ஒரு ஸ்பேனர் கூட வேணாம், ஒருத்தர் சாவிய திருப்பணும் ஒருத்தர் பின்னால நின்னு பாக்கணும்.

சத்தமும் முக்கியம். இஞ்சின் இழுத்து இழுத்து சுத்துச்சுன்னா அமுங்குற காத்து ரிங்கு வழியா கசிஞ்சிடும், வந்த கொஞ்ச சூடும் பிளாக்குக்கே போயிடும், எவ்ளோ நல்ல பம்ப் இருந்தாலும் டீசல் பத்திக்காது. மல்டிமீட்டர் இருந்தா சும்மா இருக்கும்போது பேட்டரில 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், செல்ஃப் போடும்போது 9.6க்கு கீழ விழக்கூடாது. விழலைன்னாலும் மெதுவா சுத்துதுன்னா எர்த் ஒயரை பாருங்க, மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ் முனைல, இன்னொன்னை இஞ்சின் பிளாக்குல வச்சு ஸ்டாப் நாபை (டீசலை நிறுத்தி இஞ்சினை அணைக்கிற பிடி) இழுத்து பிடிச்சுக்கிட்டு செல்ஃப் போடுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா பெயிண்டும் துருவும்தான் வில்லன், சுரண்டி இறுக்குனா முடிஞ்சது வேலை.

என் வண்டி நல்லா வேகமா சுத்துச்சு, புகை வரல, அப்பவே டீசல் பக்கம்னு தெரிஞ்சிருக்கணும். ஸ்டாப் கேபிள் முழுசா திரும்பி வருதா, டேங்க் மூடில காத்து ஓட்டை அடைச்சிருக்கா (மூடிய தொறந்தா உஸ்ஸுன்னு இழுத்துச்சுன்னா அதேதான்), ஃபில்டர் அடைப்பா, இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம். மிச்சம் இருக்குறது ஏர், அதாவது டீசல் பைப்புக்குள்ள காத்து புகுறது. ஏர் எடுக்குற எடத்துல டீசல் ஒழுகும்னு எல்லாரும் நினைக்கிறோம், நானும் பைப் பூரா துணிய வச்சு தடவி பாத்தேன், காஞ்சு கிடந்துச்சு. ஆனா டேங்குலேந்து பீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுற பக்கம், அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். டேங்க் தாழ்வா இருந்தா வண்டி நின்ன பிறகு அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து ராத்திரி பூரா டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிடும், காலைல பம்ப் வெறும் காத்தை அடிக்கும். அதனாலதான் பகல்ல நிறுத்தி நிறுத்தி எடுத்தா அரை சுத்துல புடிக்கிற வண்டி காலைல மட்டும் படுத்துக்குது, டேங்க் ஃபுல்லா இருக்குற நாள்ல தொந்தரவு குறையுது. இந்த ரெண்டும் என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு, கோத்து பாக்க தெரியல.

கடைசில பீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவுல அரை அடி கண்ணாடி மாதிரி டியூப் ஒண்ணை தற்காலிகமா சொருகி பீட் பம்புல கையால அடிக்கிற கை பம்பை அடிச்சேன், டீசலோட கடுகு கடுகா குமிழி வரிசையா ஓடுச்சு. போல்ட்டை கழட்டி வாஷரை மாத்திட்டு ஃபில்டர் மேல இருக்குற ஏர் ஸ்க்ரூவ தளர்த்தி நுரை நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் அடிச்சு இறுக்குனேன், அடுத்து அதே மாதிரி பம்ப் ஸ்க்ரூ, அப்புறம் நாசில் பைப் நட்டு. மறுநாள் காலைல சாவிய திருப்பி கைய எடுக்கறதுக்குள்ள புடிச்சுக்கிச்சு.

இதுக்கு நேர் எதிர் கோளாறு ஒண்ணு இருக்கு, காலைல ஜோரா எடுக்கும், நல்லா ஓட்டி சூடான பிறகு நிறுத்துனா எடுக்காது, ஆறுனா மறுபடி எடுக்கும். அது பெரும்பாலும் ரோட்டரி பம்ப் தேய்மானம், சூடான டீசல் தண்ணியா ஓடி உள்ளயே கசிஞ்சிடுது. அதுக்குத்தான் பம்ப் கடைக்கு போகணும். குளிர்ல மட்டும் வெள்ளைப் புகையோட திணறுச்சுன்னா ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ண சூடு குடுக்குறது), டேப்பட் கேப் (வால்வை தள்ளுற எடத்துல விடுற இடைவெளி), கம்ப்ரஷன்னு வரிசையா பாக்கணும். கிளட்சை அமுக்கிக்கிட்டு செல்ஃப் போட்டா கியர் பாக்ஸ் ஆயிலோட இழுவை குறைஞ்சு கொஞ்சம் வேகமா சுத்தும். ஒரே மூச்சுல 15 செகண்டுக்கு மேல செல்ஃபை அடிக்காதீங்க, ரெண்டு நிமிஷம் விட்டு அடிங்க, இல்லன்னா இல்லாத செல்ஃப் கோளாறை நாமளே உண்டாக்கிடுவோம், எனக்கு அப்படித்தான் ஆச்சுன்னு இப்ப சந்தேகம்.

ஏர் கிளீனர்ல ஈத்தர் ஸ்ப்ரே அடிச்சு எடுக்குறவங்க மேல எனக்கு கோபமே வருது. ஹீட்டர் இருக்குற வண்டில அது வெடிக்கும், ஹீட்டர் இல்லாட்டியும் பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே பத்தி ரிங்கை உடைக்கும். அதைவிட மோசம் செல்ஃப் மோட்டார் முனைல ஸ்பேனரை வச்சு ஷார்ட் பண்றது, வண்டி கியர்ல கிடந்தா பின் சக்கரத்துக்கு முன்னாடி நிக்கிற ஆளு மேலயே ஏறும், இப்படி உயிர் போயிருக்கு.

நான் சொன்னதெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு. காமன் ரெயில் வண்டில (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்லேந்து அதிக அழுத்தத்துல டீசல் போற புது வகை) நாசில் நட்டை தளர்த்துற வேலையே வேணாம், அங்க பிரஷர் 1000 பாருக்கு மேல, தோலை கிழிச்சு டீசல் சதைக்குள்ள போயிடும், பழைய வண்டிலயும் கைய குறுக்க நீட்டக்கூடாது. அந்த புது வண்டிகளை பத்தி விவரம் தெரிஞ்ச மெக்கானிக் யாரையாவது எழுதச் சொல்லி போடுங்க, அது எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

இப்படிக்கு,
வாஷர் மாத்தி பொழச்ச ஒரு டிராக்டர்காரன்