நோன்புக்கு வண்டியில் வரும் மகளுக்கு

அன்புள்ள மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. பிள்ளையார் நோன்புக்கு, மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியான இழையை எடுத்துக்கொள்ள நீயும் மாப்பிள்ளையும் காரிலேயே வருவதாக ஆத்தா சொன்னாள். தாராளமாக வாருங்கள். ஆனால் ராத்திரி கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும் என்ற கணக்கு மார்கழிக்கு ஆகாது. பத்து, பதினொன்றுக்குச் சென்னையை விட்டால், பனி கனமாக இறங்கும் நாலு மணி முதல் ஏழு மணிக்குள்தான் திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் எல்லாம் வரும். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் அழுத்துவதும் அதே நேரம். விடிந்து ஆறரைக்குக் கிளம்புங்கள். 400 கிலோமீட்டருக்கு மேல் ஆனாலும் சாப்பிட்டு, நின்று வந்தாலும் மூன்று, நாலு மணிக்குள் வீடு. இழை எடுப்பது பொழுது சாய்ந்துதானே.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே டயரைப் பார். பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். அதுவரை தேய்ந்தால் சட்டப்படியே டயர் முடிந்தது. மழை ரோட்டுக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றிவிடு, ஏனென்றால் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். காற்றை வண்டி சூடாகும் முன் பிடி. அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பர் கோடு கோடாக இழுக்கும், அதையும் மாற்று. அதிக விலையில்லாத சாமான், இதில் மிச்சம் பிடிக்காதே.

வழியில் மழை பிடித்தால் முதல் கால் மணி நேரம்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் ஊறி வழுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் போகும் லாரி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்தால், நீ அங்கே வர ஐந்து விநாடியாவது ஆக வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது என்று அர்த்தம். பிரேக்கைத் தொடாதே, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி. பிடிப்பு தானாக வரும்.

கண்ணாடி மங்கினால் உள்ளேயா, வெளியேயா என்று முதலில் விரலால் தடவிப் பார். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே பட்டனை அமுக்குகிறார்கள். உள்ளே மங்கினால் அது நம் மூச்சின் ஈரம். ஏசியைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பு, உள்காற்றே சுற்றுகிற பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடு. குளிர்ந்தால் சூட்டைக் கூட்டிக்கொள், ஏசியை நிறுத்தாதே. ஈரத்தை எடுப்பது அதுதான். வெளியே மங்கினால் கதை நேர்மாறு. ஏசி கண்ணாடியைக் குளிரவைத்து, வெளியே உள்ள ஈரம் அதில் படிகிறது. வைப்பரை ஒரு தரம் ஓட்டி, காற்றைக் கால் பக்கம் மாற்றி, குளிர்ச்சியைக் குறை.

அப்படியும் பனியில் மாட்டிக்கொண்டால் டிம் லைட் மட்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும். இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டு. நடுக்கோட்டைப் பிடித்தால் எதிரே வருகிறவனும் அதையே பிடித்து வருவான். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40-க்கு மேல் போகாதே. நாலு இண்டிகேட்டரையும் மின்னவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம் ஊரில் பரவிவிட்டது. நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று பின்னால் வருகிறவனுக்கு அதில் தெரியாது. நிற்பதானால் ரோட்டோரம் வேண்டாம், பெட்ரோல் பங்குக்குள் போய் நில்.

மழை வலுத்த வருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும். தரைப்பாலத்தின் ஓரக் கற்கள் தெரியவில்லை என்றால் வண்டியை இறக்காதே. ஒரு அடி ஓட்டத் தண்ணீர் காரை நகர்த்திவிடும், கீழே ரோடு அரித்திருப்பதும் தெரியாது. சுற்றி வந்தால் அரைமணி நேரம் கூடும், அவ்வளவுதான். தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது: சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. ஆழமில்லாத தண்ணீரைத் தாண்டி வந்தாலும் பிரேக்கை மூன்று நாலு முறை லேசாக மிதித்துக் காயவிடு.

நம் பக்கத்துச் செம்மண் ஓரம் நனைந்தால் சறுக்கும், தார் விளிம்பும் உயரமாக நிற்கும். இடது சக்கரம் இறங்கிவிட்டால் வெடுக்கென்று வலது பக்கம் ஒடிக்காதே. வேகத்தைக் குறைத்து, விளிம்பு தணிந்த இடமாகப் பார்த்து ஏறு.

தைப்பூசத்துக்கும் வருவதானால் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் ரோட்டில் பழனிக்கு நடப்பவர்கள் விடியலுக்கு முன்பே நமக்கு முதுகைக் காட்டி நடப்பார்கள். காவடியோடு வருகிறவர்களுக்குச் சட்டென்று ஒதுங்க முடியாது, ஹாரன் அடித்து விரட்டாதே. அறுப்பு நேரம் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஏற்றி நிறுத்திவிடாதே. சூடான சைலன்சரில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

திரும்பும்போது ஆத்தா எப்படியும் அரிசி மூட்டையும் பலகார டின்களும் டிக்கி நிறைய ஏற்றிவிடுவாள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எழுதிய சின்னச் சக்கரம் இருந்தால் 2-இலோ 3-இலோ வைத்து வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொள். பாரத்துக்குத் தகுந்தபடி பின் டயர் காற்றையும் கூட்டு. அந்த அளவும் கதவோர ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

அன்புடன்,
அப்பச்சி