வீட்டுத்தோட்டச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, புரட்டாசி முதல் மார்கழி வரை பெய்த மழையில் நம் தோட்டங்கள் பட்ட பாட்டையும் அதிலிருந்து நாம் செய்ய வேண்டியதையும் மட்டும் இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து செடி வளர்க்கும் மதுரைக்காரர்களாகிய நமக்கு, மழை வந்துவிட்டால் செடி தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. 2024 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டித் தீர்த்து, செல்லூர்ப் பக்கம் வெள்ளக்காடாக்கிய மழைக்குப் பின் உறுப்பினர்களின் மாடிகளைப் பார்வையிட்டபோது, தக்காளி, மிளகாய் நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து, பழுப்பேறி, சாய்ந்து கிடந்தன; இலைகள் அப்போதும் பச்சையாகவே இருந்தன. நீர் தேங்கிய மண்ணில் பித்தியம் பூஞ்சை பெருகி உண்டாக்கும் நாற்றழுகல் நோய் அது. கத்தரிச் செடி வைத்த ஒரு பையைச் சாய்த்து, வேரும் நாரும் அடைத்திருந்த அடித்துளையைக் குச்சியால் குத்தியதும், கருத்த நீர் அழுகல் வாடையோடு வடிந்தது.

ஈரம் காக்கட்டும் என்று தென்னைநார்க் கழிவைப் பாதிக்கு மேல் சேர்த்த மண்கலவையே இதற்குப் பெருங்காரணம். கோடைக்கு உகந்த அக்கலவையை ஆண்டு முழுவதற்கும் பரிந்துரைத்தவன் நான் என்பதால், இழப்புக்கான பொறுப்பை ஏற்கிறேன். இனி மழைப் பருவத்துக்கு நார்க்கழிவைக் குறைத்து, செம்மண்ணோடு மட்கிய தொழுவுரமும் மணலும் கூட்டிக் கலக்க வேண்டும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்ற வேண்டும். விதைப்பதற்கு முன், கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி கலப்பது நல்லது. வீட்டுத் தேவைக்கான சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே போதும்.

விதை வழங்கியதிலும் தாமதம் நேர்ந்தது. வெளியிலிருந்து வர வேண்டிய விதை புரட்டாசிக் கடைசியில்தான் வந்து சேர்ந்ததால், நாற்றுகள் இரண்டிலை விட்டு நின்ற பருவத்திலேயே அடைமழையில் சிக்கின. தக்காளி நாற்று நடவுக்குத் தயாராக ஏறத்தாழ 25 நாளும், மிளகாய்க்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். ஆவணி முதல் வாரத்துக்குள் விதை கைக்கு வந்தால்தான் ஐப்பசிக்குள் தண்டு முற்றும். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

இத்தனை இழப்புக்கு நடுவிலும் அவரை நம்மைக் கைவிடவில்லை. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, கொடி மட்டும் ஓடிப் பூவே காணவில்லை என்று பலர் புரட்டாசியில் பிடுங்கப் பார்த்தார்கள். பகல் குறுகினால்தான் பூக்கும் இனம் அது என்று சொல்லிப் பொறுத்திருக்கச் செய்தோம். மார்கழிப் பனியில் ஊதாப் பூங்கொத்துகள் பந்தலுக்கு மேலே நிமிர்ந்து நின்ற காட்சியை மறக்க முடியாது. கொழுந்துகளில் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்த வீடுகளில் வேப்பெண்ணெய்க் கரைசல் உதவியது. மழை கழுவிவிடும் என்பதால், வெயில் அடித்த நாளின் மாலையில் தெளித்தவர்களுக்கே பலன் கிடைத்தது.

மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 என்ற பாகல் ரகத்தின் விதையை வரும் ஆடிக்குப் பெற்றுத்தருமாறு உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் அனுமதி கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்